மூன்றில் எதைக் கொடுப்பது?

பஞ்சாபில் எல்லைப் பக்கம் ஒரு விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது அறுபதுக்கு மேல். லைசென்ஸ் புத்தகத்தில் மூன்று துப்பாக்கிகள். ஒன்று அப்பா காலத்து இரட்டைக்குழல், இங்கிலாந்தில் செய்தது. இரண்டாவது .315 ரைஃபிள். மூன்றாவது .32 ரிவால்வர், அரசு தொழிற்சாலை சரக்கு. 2019 டிசம்பர் 14-ஆம் தேதி ஆயுதச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. இனி ஒரு ஆளுக்கு இரண்டுதான். ஒரு வருஷத்துக்குள் மூன்றாவதை போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்தாக வேண்டும்.

எதைக் கொடுப்பார்?

துப்பாக்கி என்றாலே நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒன்று சினிமா, இல்லையென்றால் தேர்தல் நேரத்தில் பேப்பரில் வரும் "லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க கலெக்டர் உத்தரவு" செய்தி. அதனால் இந்தச் சட்டம் வந்தபோது இங்கே பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. வடக்கே அப்படி இல்லை. 2016 கடைசிக் கணக்குப்படி நாட்டில் சுமார் 33.7 லட்சம் ஆயுத லைசென்ஸ்கள். அதில் உத்தரப்பிரதேசத்தில் மட்டும் கிட்டத்தட்ட 12.8 லட்சம்! மசோதா முதலில் ஒரு ஆளுக்கு ஒன்றுதான் என்று சொன்னது. எதிர்ப்பு கிளம்பியது. அப்போது பஞ்சாப் முதல்வராக இருந்த அமரீந்தர் சிங், மூன்றையே விட்டுவையுங்கள் என்று மத்திய உள்துறை அமைச்சருக்குக் கடிதமே எழுதினார். கடைசியில் பேரம் பேசி முடித்த மாதிரி "இரண்டு" என்று நின்றது.

ஒன்றா, இரண்டா, மூன்றா என்றுதான் வாதம் முழுக்க நடந்தது. எந்த இரண்டு என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. சட்டமும் அதைக் கேட்கவில்லை. உனக்குப் பிடித்த இரண்டை வைத்துக்கொள், மிச்சத்தைக் கொடு என்று விட்டுவிட்டது. இந்தச் சட்டத்தின் ஓட்டையே அங்கேதான் இருக்கிறது.

நம் விவசாயியின் கணக்கைப் பார்ப்போம். ரிவால்வரை விடமாட்டார். சின்னது, கூடவே எடுத்துப் போகலாம், அதற்கு லைசென்ஸ் வாங்க அலைந்த அலைச்சல் அவருக்குத்தான் தெரியும். ரைஃபிளுக்கு வீச்சு அதிகம், இந்தியத் தோட்டாவே கிடைக்கும். அப்பாவின் இரட்டைக்குழல்? நீளமானது, கனமானது, இரண்டு முறை சுட்டால் திறந்து மறுபடி போட வேண்டும். பழைய இங்கிலாந்து துப்பாக்கிகளில் பலவற்றின் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு வெட்டியது, இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாவைப் போட்டால் ஆபத்து. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதை வைத்து வேட்டைக்கும் போக முடியாது. மனசு வலித்தாலும் கை அதைத்தான் எடுத்துக் கொடுக்கும்.

அதாவது எதை மறைத்து எடுத்துப் போக முடியாதோ, எதை வைத்து ஆத்திரத்தில் சட்டென்று எதையும் செய்வது கஷ்டமோ, அது வெளியே போகிறது. கல்யாண ஊர்வலத்தில் தூக்கிக் காட்ட வசதியானது வீட்டிலேயே தங்குகிறது. (கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு யாராவது செத்துப்போகும் செய்தி அங்கே வருஷா வருஷம் வரும். இதே திருத்தம் அதற்கு இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று வைத்தது. அது நல்ல காரியம்.) எண்ணிக்கையில் மூன்றில் ஒன்று குறைந்தது. ஆபத்தில் அந்த அளவு குறையவில்லை.

இன்னொரு வேடிக்கை. ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவில் ஏற்கனவே ஒரு விலக்கு உண்டு. பழைய மாடல், தொல்பொருள் மதிப்புள்ளது, அல்லது பழுதானது, பழுது பார்த்தாலும் சுட முடியாதது என்றால் சட்டம் அதைத் தொடாது. ஆக, தாத்தா துப்பாக்கியைப் பரணில் போட்டுத் துருப்பிடிக்க விட்டவருக்குத் தப்பிக்க வழி இருக்கிறது. வருஷா வருஷம் எண்ணெய் போட்டுத் துடைத்து லைசென்ஸையும் ஒழுங்காகப் புதுப்பித்தவர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பரம்பரையாக வந்ததற்கும் இரண்டு என்ற அளவுதான் என்று திருத்தத்திலேயே தனியாக எழுதியிருக்கிறார்கள்.

சரி, கொடுக்க மனசில்லை என்றால் விற்கலாமே? இங்கேதான் பி.காம். முதல் வருஷ எகனாமிக்ஸ் உதவிக்கு வருகிறது. 1980களின் நடுவிலிருந்து தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. சப்ளை இல்லாததால் உள்ளே இருக்கும் வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு நல்ல விலை இருந்தது. ஒரே ஒரு சட்டம் என்ன செய்தது? மூன்று வைத்திருந்த எல்லோரையும் ஒரே வருஷத்தில் விற்பவராக மாற்றியது. அதே நேரத்தில் இரண்டு வைத்திருந்த எல்லோரையும் வாங்குபவர் வரிசையிலிருந்து தூக்கியது. சப்ளை ஏறுகிறது, டிமாண்ட் இறங்குகிறது, கெடு தேதி எல்லோருக்கும் தெரிகிறது. விற்பவனுக்கு அவசரம் என்று தெரிந்த டீலர் என்ன விலை கேட்பார் என்று சொல்லவே வேண்டாம்.

இதில் தனி ஆளாக விற்பதும் பைக் விற்கிற மாதிரி இல்லை. வாங்குபவரின் பெயர், விலாசத்தோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். (இந்த விதி சரியானதே. யாரிடம் போகிறது என்று தெரியாமல் கைமாறக் கூடாத பொருள் இது.) ஆனால் கெடு வைத்த அந்த ஒரு வருஷம் எது? 2019 டிசம்பரிலிருந்து 2020 டிசம்பர். மார்ச்சில் ஊரடங்கு! கடையும் ஆபீசும் மூடிக்கிடந்த மாதங்களும் அந்தக் கெடுவுக்குள்தான் வந்தன. நஷ்டஈடு என்று திருத்தத்தில் ஒரு வரி கூட இல்லை.

ஆஸ்திரேலியா செய்ததைப் பாருங்கள். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அரசு "ஆளுக்கு எத்தனை" என்று ஆரம்பிக்கவில்லை. "எது" என்று ஆரம்பித்தது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்கள், ஷாட்கன்கள், பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்கள் இவைதான் குறி. அவற்றுக்கு விலை போட்டுக் காசு கொடுத்து வாங்கியது. மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரியை 0.2 சதவீதம் தற்காலிகமாக ஏற்றிப் பணம் திரட்டினார்கள். சுமார் 6.4 லட்சம் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன, அழித்துவிட்டார்கள். அங்கேயும் கோபப்பட்டவர்கள் உண்டு. ஆனால் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்தது துப்பாக்கிக்காரர் இல்லை, அரசு.

இங்கே அரசுக்கு வகை பிரிக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. குடகு மக்களுக்கு லைசென்ஸே வேண்டாம் என்ற பழைய விலக்கு 2019-இல்தான் இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது. செப்டம்பரில் வரும் கைல்போத் பண்டிகையில் துப்பாக்கியைப் பூ வைத்துக் கும்பிடுகிறவர்கள் அவர்கள். அடுத்து விளையாட்டு வீரர்கள். பெயர் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள் 12 வரை வைத்துக்கொள்ளலாம் என்று 2020 பிப்ரவரியில் உள்துறை அறிவித்தது.

வீரர்களுக்கு எதற்கு ஒன்றுக்கு மேல் என்று கேட்பவர்கள் டோக்கியோ ஒலிம்பிக்ஸை நினைத்துப் பார்க்கலாம். 2021 ஜூலையில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று, பாதியில் மனு பாக்கரின் பிஸ்டலில் லீவர் உடைந்தது. (ஏர் பிஸ்டலுக்கு இந்தச் சட்டச் சிக்கல் கிடையாது. உதாரணத்துக்குத்தான்.) சரி செய்துகொண்டு வந்தபோது 44 முறை சுட வேண்டும், கையில் 36 நிமிஷம். 575 புள்ளி எடுத்தும் 12-ஆவது இடம், இறுதிச் சுற்று போயிற்று. மாற்று பிஸ்டலை எடுத்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். பிடியும் ட்ரிக்கரும் அச்சு அசல் அதே மாதிரி இல்லாவிட்டால் மாற்று பிஸ்டல் என்பது வேறு பிஸ்டல்தான். அதைச் சரிப்படுத்தவும் நேரம் வேண்டும். வீரருக்கு டூப்ளிகேட் ஆடம்பரம் இல்லை. வீட்டில் பூட்டி வைப்பவருக்கு ஒரே மாதிரி இரண்டாவது எதற்கு என்பதற்கு இதுவரை யாரும் நல்ல பதில் சொன்னதில்லை :-)

"ஆளுக்கு இரண்டு" என்பதிலும் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. கணக்கு ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. லைசென்ஸ்தாரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம் என்று 2016 விதிகள் சொல்கின்றன. நம் விவசாயிக்கு லைசென்ஸ் வாங்கும் தகுதியுள்ள மகன் இருந்தால் இரட்டைக்குழல் அதே பீரோவில் இருக்கும், புத்தகத்தில் பெயர் மட்டும் மாறும். நாலு பேர் லைசென்ஸ் வைத்திருக்கும் பெரிய வீட்டில் எட்டு துப்பாக்கி சட்டப்படியே இருக்கலாம். தனி ஆளாக இருக்கும் கிழவர்தான் ஸ்டேஷனுக்கு நடப்பார்.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ மூன்றே இருக்கட்டும்" என்று யாராவது கிளம்பினால், அதுவும் தப்பு. குறைப்பது சரி. துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பாலானவை லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளால் நடக்கின்றன என்று போலீஸ் கணக்கே சொல்கிறது என்றாலும், வீட்டில் ஆயுதம் குறைவது நல்லதுதான். ஆனால் கைத்துப்பாக்கி ஒன்றுக்கு மேல் கூடாது என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு இத்தனை என்று வைத்திருக்கலாம். பரம்பரைத் துப்பாக்கியைச் சுட முடியாதபடி குழலை அடைத்து, சான்றிதழ் கொடுத்துத் திருப்பித் தந்திருக்கலாம். பிரிட்டனில் அப்படிச் செயலிழக்க வைத்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை பல வருஷமாக இருக்கிறது.

ஒப்படைத்தவற்றின் கணக்கையாவது வகைவாரியாக வெளியிடலாம். ரிவால்வர் எத்தனை வந்தது, ரைஃபிள் எத்தனை, இரட்டைக்குழல் எத்தனை என்று மாவட்டம் மாவட்டமாக. ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தேசியப் பதிவேட்டில் தனி எண் ஏற்கனவே இருக்கிறது. பட்டியல் எடுப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. எடுத்தால், ஸ்டேஷன் மால்கானாக்களில் சாத்தி வைத்திருப்பதில் ரிவால்வர் எவ்வளவு, அப்பா காலத்து இரட்டைக்குழல் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.