அகில் நம் ஊர் மரம்தான்

இடைநிலைப்பள்ளியில் தமிழ் இலக்கியம் படித்தபோது சந்தனமும் அகிலும் அடிக்கடி சேர்ந்தே வரும். அகில் ஒரு வாசனைக் கட்டை, அந்தக் காலத்துப் பெண்கள் அதன் புகையில் கூந்தலை உலர்த்துவார்கள் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அதே மரம் என் மாமா வீட்டுக்குப் பின்னால் நாற்பது நின்றது எனக்குத் தெரியாது.

மலாய்க்காரர்கள் மரத்தைக் காராஸ் என்பார்கள், மணக்கும் கட்டையைக் கஹாரு என்பார்கள். சுங்கைப் பட்டாணியில் இருக்கும் மாமாவுக்கும் அது காராஸ்தான். "ஏழு வருஷத்துல ஒவ்வொரு மரமும் ஆயிரக்கணக்குல ரிங்கிட் கொடுக்கும்ணே" என்று கன்று விற்றவர் சொன்னதை நம்பி, இருந்த ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு நட்டார். பத்தாவது ஆண்டில் முதல் மரத்தை வெட்டினார்கள். உள்ளே வெள்ளைக் கட்டை. ஒரு வாசமும் இல்லை. கன்று விற்றவரின் கைப்பேசி எண் அதற்கு முன்பே அடங்கிவிட்டது.

நடந்தது என்னவென்று பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. காராஸ் பிறவியிலேயே மணக்கும் மரம் அல்ல. அதன் கட்டை வெளிறியது, எடை குறைந்தது. தண்டில் காயம் பட்டு, அதன் வழியே பூஞ்சை புகுந்தால், மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கருமையான பிசினைச் சுரக்கிறது. பிசின் ஊறிய அந்தப் பகுதிதான் அகில். நன்றாக ஊறிய கட்டை நீரில் மூழ்கிவிடும். சீனமொழியில் அதன் பெயருக்கே 'மூழ்கும் நறுமணம்' என்றுதான் பொருள். தோட்டங்களில் தண்டு ஓரளவு பருத்ததும் துளையிட்டுப் பூஞ்சையை உள்ளே செலுத்துகிறார்கள். 'ஊசி போடுவது' என்பது இதுதான். அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டும், அப்போதும் எல்லா மரமும் ஒரே அளவில் பிசின் தராது. மாமாவின் மரங்களை யாரும் துளையிடவே இல்லை. கன்று விற்றவர் இந்தப் பேச்சையே எடுக்கவில்லையாம்.

காட்டு மரங்களின் கதை இன்னும் மோசம். உள்ளே பிசின் இருக்கிறதா என்று வெளியிலிருந்து எளிதில் தெரியாது. தலைமுறை தலைமுறையாகக் கஹாரு தேடும் ஓராங் அஸ்லி மக்களுக்கு அடையாளம் பார்க்கத் தெரியும். அவசரக்காரர்களோ வெட்டித்தான் பார்க்கிறார்கள். ஒன்றுமில்லாத மரமும் சாய்கிறது. இந்த இனம் 1995 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. தோட்டத்தில் நட்டால் காடு பிழைக்கும் என்று சொல்கிறார்கள். எனக்குப் பாதி நம்பிக்கைதான். நட்ட மரத்தில் பிசின் ஊறினால் சரி. வெள்ளைக் கட்டை எத்தனை ஏக்கர் நின்றாலும், வாசனைத் தைலத்துக்காக அகில் வாங்குபவர் காட்டு மரத்தைத்தான் தேடிப் போவார்.

ஒரு செய்தி எனக்குச் சிரிப்பையும் கோபத்தையும் சேர்த்தே தருகிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், அகில் வகைகளைச் சொல்லும்போது ஒன்றைக் 'கிடாரவன்' என்கிறார். கிடாரத்துச் சரக்கு, அதாவது கடாரத்து அகில். கடாரம் இன்றைய கெடா. நம் உரையாசிரியர் பெயர் சொன்ன கட்டையை, அதே கெடாவில், ஒரு தமிழருக்கு அது என்னவென்றே சொல்லாமல் விற்றிருக்கிறார்கள்!

அகில் தமிழ் வகுப்பில் இருந்தது, பூஞ்சை அறிவியல் வகுப்பில் இருந்தது, காராஸ் கொல்லையில் இருந்தது. மூன்றையும் யாராவது ஒரு நாள் சேர்த்துச் சொல்லியிருந்தால், மாமாவிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன். தமிழாசிரியர்களே, அடுத்த முறை பாடத்தில் அகில் வந்தால் ஒரு காராஸ் கிளையை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். முடிந்தால் மாணவர்களைக் கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு அழைத்துப் போங்கள். உயிரியல் தொழில்நுட்பம் படிக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: எந்தப் பூஞ்சையை எப்படிச் செலுத்தினால் நல்ல பிசின் கிடைக்கும் என்ற ஆராய்ச்சியில் உங்களுக்கு இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

மாமாவிடம் இப்போது ஆறு மரங்கள் மிச்சம். போன மாதம் ஒருவர் வந்து, மரத்துக்கு இவ்வளவு என்று ஊசி போடும் கூலியைப் பேசிவிட்டுப் போனாராம். என்ன பூஞ்சை, எத்தனை நாள், பிசின் ஊறாவிட்டால் பணத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டு எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் செய்யவும் சொல்லியிருக்கிறேன்.