முப்பது வயதில் நின்றுபோன குரல்



சென்ற வாரம் வாலிபர் ஐக்கியக் கூட்டம் முடிந்தபின் ஒரு தம்பி தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். "ஐயா, இந்த அல்லேலூயா பாடலைக் கேட்டிருக்கிறீர்களா? இதைப் பாடியவர் முப்பது வயதில் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் உடம்பே சிலிர்க்கிறது" என்றான். நான் கேட்டிருக்கிறேன், சிலிர்த்தும் இருக்கிறேன். ஆயினும் "அதைத் தெரிந்துகொண்டு கேட்டால்" என்று அவன் சொன்னது வாரம் முழுவதும் என்னை விட்டு அகலவில்லை. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பாடியவர் ஜெஃப் பக்லி என்னும் அமெரிக்க ராக் இசைக்கலைஞர். 1966 நவம்பர் 17 அன்று கலிபோர்னியாவில் பிறந்தவர். உயிரோடிருந்த நாள்களில் அவர் முடித்து வெளியிட்ட முழுமையான ஸ்டூடியோ இசைத்தொகுப்பு ஒன்றே ஒன்று. 1994 ஆகஸ்டில் வந்த அதன் பெயர் 'கிரேஸ்'. நாம் கிருபை என்று சொல்லும் அதே சொல். விமர்சகர்கள் சிலர் புகழ்ந்தாலும் விற்பனை பெரிதாக இல்லை. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 149ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை.

1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் இரண்டாவது தொகுப்பின் வேலைக்காக மெம்பிஸ் நகரில் தங்கியிருந்தார். மே 29 மாலை, நண்பர் ஒருவரோடு வுல்ஃப் ஆற்றின் துறைமுகக் கரைக்குச் சென்றார். உடுத்திய உடையோடும் காலில் பூட்ஸோடும் நீரில் இறங்கி, லெட் செப்பலின் குழுவின் ஒரு பாடலைப் பாடிக்கொண்டே நீந்தினார். படகு ஒன்று கடந்துபோக, அதன் அலை கரையிலிருந்த வானொலிப் பெட்டியை நனைத்துவிடும் என்று நண்பர் அதை நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினார். ஜெஃப் அங்கே இல்லை. ஜூன் 4 அன்று உடல் கிடைத்தது. பிரேதப் பரிசோதனையில் போதைப்பொருள் எதுவும் காணப்படவில்லை. தற்செயலாக நேர்ந்த மரணம் என்றே அதிகாரிகள் முடிவு செய்தார்கள். அன்றிரவு அவருடைய இசைக்குழுவினர் நியூயார்க்கிலிருந்து விமானத்தில் மெம்பிஸுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவரோடு சேர்ந்து வேலையைத் தொடங்குவதற்காக.

வேலை செய்ய ஆயத்தமாயிருந்த ஒரு மனிதனை விபத்து கொண்டுபோயிற்று. ஆயினும் அவரைப் பற்றி எழுதப்படுகிறவற்றை வாசித்தால், நீர் அவரைச் சிறுவயது முதலே அழைத்துக்கொண்டிருந்ததுபோலவும், அவர் பாடிய ஒவ்வொரு சோகப் பாடலும் ஒரு முன்னறிவிப்புபோலவும் தோன்றும். முடிவு தெரிந்துவிட்டதால் கதையைப் பின்னாலிருந்து முன்னாக வாசிக்கிறார்கள். பாடும்போது அவருக்கே தெரியாத ஒன்றை அவர் குரலில் கேட்டதாக நாம் நம்புகிறோம்.

அந்தப் பாடலின் வரலாற்றைச் சற்று பாருங்கள். அதை எழுதியவர் கனடாவின் யூதக் கவிஞரும் பாடகருமான லெனர்ட் கோஹன். அது இடம்பெற்ற 1984ஆம் ஆண்டுத் தொகுப்பை அமெரிக்காவில் வெளியிட அவருடைய இசை நிறுவனமே மறுத்துவிட்டது. 1991இல் ஜான் கேல் அதை வேறு விதமாக அமைத்துப் பாடினார். ஜெஃப் கற்றுக்கொண்டது கேல் பாடிய வடிவத்தை. தாவீதின் யாழும், மாடியிலிருந்து அவன் கண்ட ஸ்திரீயும், சிம்சோனின் வெட்டப்பட்ட தலைமயிரும் அந்தப் பாடலுக்குள் வருகின்றன. அதனால் நம்மில் பலர் அதை ஓர் ஆராதனைப் பாடல் என்றே எண்ணியிருக்கிறோம். அது ஆராதனைப் பாடல் அன்று. தான் பாடியது சரீர உறவின் அல்லேலூயா என்று ஜெஃப் பக்லியே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். (கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு இந்த மெட்டைக் கேட்கிற பிள்ளைகளை நான் திட்டப்போவதில்லை. ஆனால் எதைப் பாடுகிறோம் என்று தெரிந்து பாடட்டும்.) பாடியவர் இறந்தபின் அவர் சொன்னது மறைந்துபோயிற்று. உலகம் அதை அவருடைய இரங்கற்பாவாக மாற்றிக்கொண்டது.

2008 டிசம்பரில் இங்கிலாந்தில் நடந்ததைக் கவனியுங்கள். தொலைக்காட்சிப் போட்டியொன்றில் வென்ற அலெக்ஸாண்ட்ரா பர்க் பாடிய இதே பாடல் கிறிஸ்துமஸ் வாரப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. இரண்டாம் இடத்தில் ஜெஃப் பக்லி. அவர் மரித்துப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாடலை எழுதிய கோஹன் அப்போது 74 வயதில் உயிரோடு இருந்தார். அவருடைய சொந்தப் பதிவு 36ஆம் இடத்தில் இருந்தது.

இதற்கெல்லாம் மரணம் ஒன்றே காரணம் என்றால் அது நேர்மையாகாது. அந்தக் குரலின் அழகு உண்மையானது. 2001இல் வந்த 'ஷ்ரெக்' திரைப்படத்தில் கேலின் பதிவு ஒலித்ததும் பாடலைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. ஆனாலும் இரண்டாம் இடத்தில் நின்ற அந்த இளைஞனைக் கேட்டவர்கள் பாடலோடு ஆற்றையும் சேர்த்தே கேட்டார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கள் வாலிபத் தம்பியும் அப்படித்தான் கேட்டான்.

அப்படிக் கேட்கும்போது நாம் இழப்பது என்ன? முதலாவது, சிரிக்கிற மனிதனை இழக்கிறோம். நியூயார்க்கில் சினே என்னும் சிறிய காப்பிக்கடையில் கிட்டாரோடு தனியாக நின்று அவர் பாடிய பதிவுகள் இருக்கின்றன. பாடலுக்குப் பாடல் கேலியும் குறும்பும் பேசுகிறார். மற்றவர்களைப்போல் குரல் மாற்றிக் காட்டுகிறார். நடுவே, நுஸ்ரத் ஃபதே அலி கானின் கவ்வாலியை உருது மொழியிலேயே பாடுகிறார். கலிபோர்னியாவில் வளர்ந்த ஒரு பிள்ளை, பாகிஸ்தானின் சூஃபிப் பாடகர் ஒருவரைத் தன் ஆசானைப்போல் நேசித்துப் பாடுவதைக் கேளுங்கள். துயரத்தின் உருவமாக வரையப்பட்ட அந்த முகத்தோடு அது ஒட்டவே ஒட்டாது. ஒட்டாததாலேயே புராணம் அதைத் தள்ளிவிடுகிறது.

இரண்டாவது, முடிக்காமல் விட்டுச்சென்றவனை இழக்கிறோம். இரண்டாவது தொகுப்புக்காகச் செய்த பதிவுகளில் அவருக்குத் திருப்தி இல்லை. மீண்டும் பதிவு செய்ய விரும்பினார். மரணத்துக்குப்பின் 1998இல் அவை வெளியிடப்பட்டபோது, அவர் எண்ணியிருந்த தலைப்பின் முன்னே 'ஸ்கெட்சஸ் ஃபார்' என்னும் சொற்கள் நின்றன. வரைவுகள் என்று பொருள். அவருடைய தாயாரின் மேற்பார்வையில் அந்தத் தொகுப்பு வெளிவந்தது. மகனை இழந்த தாய், மகனுடைய முடியாத வேலையை முடிந்ததாகக் காட்டாமல் வரைவு என்றே உலகத்தின் கையில் கொடுத்தார். இந்த முழு வரலாற்றிலும் நான் மிகவும் மதிப்பது அந்த ஒரு சொல்லைத்தான்.

இதில் இன்னொரு துயரம் உண்டு. ஜெஃப்பின் தந்தை டிம் பக்லியும் பாடகர். மகன் பிறப்பதற்கு முன்பே குடும்பத்தை விட்டுப் போனவர். மகனுக்கு எட்டு வயதாயிருக்கையில் சில நாள்கள் இருவரும் ஒன்றாயிருந்தார்கள். சில மாதங்களுக்குள், 1975 ஜூன் 29 அன்று, அளவுக்கு மீறிய போதைப்பொருளால் டிம் மரித்தார். அவருக்கு வயது 28. அடக்கத்துக்குத் தாயும் பிள்ளையும் அழைக்கப்படவில்லை. மாற்றாந்தகப்பனின் குடும்பப் பெயரோடு ஸ்காட்டி என்று அழைக்கப்பட்டு வளர்ந்த சிறுவன், அதன்பின் தன் பிறப்புச் சான்றிதழில் இருந்த பக்லி என்னும் பெயரை எடுத்துக்கொண்டான். 1991 ஏப்ரலில், புரூக்ளினில் உள்ள செயின்ட் ஆன் தேவாலயத்தில் டிம்முக்கு நினைவு இசை நிகழ்ச்சி நடந்தபோது ஜெஃப் அங்கே சென்று பாடினார். அடக்கத்தில் செலுத்த முடியாத மரியாதையைச் செலுத்தவே சென்றதாகப் பின்னர் சொன்னார். இசை உலகம் அவரைக் கவனித்தது அந்த இரவில்தான். அவருடைய முகமும் குரலும் தகப்பனை நினைவூட்டின. அன்றுமுதல் அவர் எங்கே பாடினாலும், இளமையில் மரித்த தகப்பனின் நிழல் முன்னே நடந்தது. அந்த ஒப்பீட்டை அவர் வெறுத்தார். அவர் மரித்ததும் முதலில் சேர்த்து எழுதப்பட்டது அதே ஒப்பீடுதான்: தகப்பனும் மகனும், இருபத்தெட்டும் முப்பதும். காரணம் வேறு, வாழ்க்கை வேறு. ஆனாலும் கதைக்கு அது வசதியாக இருந்தது.

சவுலும் யோனத்தானும் கில்போவாவில் விழுந்தபோது தாவீது பாடிய புலம்பல் உங்களுக்குத் தெரியும். 2 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் இருக்கிறது. தன்மேல் ஈட்டியை எறிந்த சவுலைப் பற்றி அதில் ஒரு குறையும் இல்லை. துக்கத்தின் நாளில் அப்படிப் பாடுவது தகும். ஆனால் வேதத்தைத் தொகுத்தவர்கள் அந்தப் புலம்பலைச் சேர்த்ததோடு, அதற்கு முந்திய அதிகாரங்களைக் கிழித்துப் போடவில்லை. ஈட்டியும் இருக்கிறது, புலம்பலும் இருக்கிறது. புலம்பலை மட்டும் வைத்துக்கொண்டு ஈட்டியை மறக்கிறவர்கள் சவுலை அறியமாட்டார்கள். அவனை மன்னித்த தாவீதையும் அறியமாட்டார்கள்.

இதை எழுதுகிற நானும் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நம் பாடகர் குழுவில் இருந்த 22 வயது மகன் ஒருவன் இருசக்கர வாகன விபத்தில் மரித்தான். அடக்க ஆராதனையில் நான் பேசினேன். பெற்றோரைத் தேற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் அவனை ஏறக்குறைய ஒரு பரிசுத்தவானாக நிறுத்தினேன். எல்லாரும் அழுதார்கள். பலர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். சில மாதங்கள் கழித்து அவனுடைய தம்பி ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டான். நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "ஐயா, நீங்க அன்னைக்குச் சொன்ன அண்ணனை எனக்குத் தெரியாது. எங்க அண்ணன் என்னை அடிப்பான். என் சைக்கிளை வித்துட்டான். அப்புறம் ராத்திரி அழுதுகிட்டே மன்னிப்புக் கேட்டான். அதை வீட்டுல பேச விடமாட்டேங்கிறாங்க." சுவரில் மாலையிட்ட படம் இருந்தது. அந்தப் படத்தோடு அந்தப் பிள்ளை தினமும் போட்டியிட வேண்டியிருந்தது. அதை அங்கே மாட்டியதில் என் கையும் உண்டு.

வாலிபப் பிள்ளைகளிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். ராக் இசைக்கலைஞர்கள் 27 வயதில் மரிப்பது ஒரு விதி என்றும், அது ஒரு தெரிந்தெடுக்கப்பட்ட கூட்டம் என்றும் இணையத்தில் பேசுகிறார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்லின், கர்ட் கொபேன் என்று பெயர்களை அடுக்குகிறார்கள். பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2011இல் வந்த ஆய்வொன்று, பிரிட்டனில் முதலிடம் பிடித்த இசைக்கலைஞர்கள் 1,046 பேரை எடுத்துக்கொண்டு பார்த்தது. 27ஆம் வயதில் தனியான ஆபத்து எதுவும் இல்லை. இருபதுகளிலும் முப்பதுகளிலும் பொதுவாகவே மற்றவர்களைவிட அதிகமாய் மரித்திருந்தார்கள். அங்கே விதியைத் தேடாதீர்கள். போதையும் தனிமையும் ஓய்வில்லாத பயணமும் இருக்கின்றன.

லெனர்ட் கோஹனின் கதை இவ்வளவு அழகாகச் சொல்லப்படுவதில்லை, ஏனெனில் அதில் முதுமை இருக்கிறது. முதுமைக்கென்று வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதியை இழந்து, எழுபது வயதைக் கடந்தபின் மீண்டும் மேடையேறினார். தான் எழுதிய பாடலை மற்றவர்கள் தன்னிலும் புகழோடு பாடுவதைக் கேட்டுக்கொண்டே அதைப் பாடினார். 2016 அக்டோபரில் வெளிவந்த தொகுப்பில், தான் சிறுவயதில் சென்ற மான்ட்ரியல் ஜெப ஆலயத்தின் பாடகர் குழுவையும் சேர்த்துக்கொண்டார். மூன்று வாரங்களுக்குள், நவம்பர் 7 அன்று, 82 வயதில் மரித்தார். அதற்கப்புறமே அவருடைய சொந்த 'அல்லேலூயா' பதிவு முதன்முறையாக அமெரிக்காவின் நூறு பாடல்கள் பட்டியலுக்குள் நுழைந்தது. முதியவருக்கும் மரணம் தேவைப்பட்டது, பாருங்கள்.

அந்தத் தம்பியிடம் நாளை ஞாயிற்றுக்கிழமை ஒன்று கேட்கப்போகிறேன். ஜெஃப் பக்லியின் பதிவை ஆரம்பத்திலிருந்து, ஆற்றை மறந்துவிட்டு, ஒருமுறை கேட்கச் சொல்வேன். கிட்டார் தொடங்குவதற்கு முன்னே ஒரு மூச்சு கேட்கும். அவர் நீளமாக மூச்சை வெளியே விடுகிறார். அதைக் கடைசி மூச்சின் சாயல் என்று எழுதியவர்கள் இருக்கலாம். ஆனால் அது 1993இல் உட்ஸ்டாக் அருகே ஒரு ஸ்டூடியோவில் பதிவானது. அதே பாடலைப் பலமுறை பாடிப் பதிவு செய்த, இன்னும் நன்றாகப் பாட முடியும் என்று எண்ணிய ஒரு வாலிபன், அடுத்த முறைக்காக மைக்கின் முன் நின்று விட்ட மூச்சு அது.