நிமிர்ந்தால் வம்பு!



வீட்டுக்கு வீடு எண்ணெய்ச் சட்டி அடுப்பேறும் தீபாவளி நேரம். கொழுப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வேளை ஏது?

கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் தாராளமாக இருப்பது ஓலிக் அமிலம். 18 கார்பன், 34 ஹைட்ரஜன், 2 ஆக்ஸிஜன் அணுக்கள். எலெய்டிக் அமிலம் என்று இன்னொன்று. அதிலும் அச்சுப் பிசகாமல் இதே கணக்குதான். ஓலிக் நடுவில் வளைந்திருக்கும், எலெய்டிக் நிமிர்ந்திருக்கும். வித்தியாசம் அவ்வளவே. வளைந்தவை நெருங்கி அமர்வதில்லை. நிமிர்ந்தவை விளக்குமாற்றுக் குச்சிகளாய் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஓலிக் சுமார் 13 டிகிரியிலேயே உருகிவிட, எலெய்டிக்குக்கு 45 டிகிரி வரை வேண்டியிருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோவதும் இப்படித்தான். அதில் பெரும்பகுதி, வளைவே இல்லாத நிறைவுற்ற கொழுப்பு.

எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி, வளைவுகளைப் போக்கிக் கெட்டியாக்கும் முறைக்கு 1902-இல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன். அது நம் நாட்டுக்கு வனஸ்பதியாக வந்தது. 1937-இல் டால்டா அறிமுகமானது. நெய் கட்டுப்படியாகாத வீடுகளிலும் இனிப்பு கிண்ட முடிந்தது. ஆனால், ஹைட்ரஜன் ஏற்றுவதைப் பாதியில் நிறுத்தினால், மிச்சமுள்ள வளைவுகளில் பல நிமிர்ந்துவிடுகின்றன. அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதோடு நல்லதையும் குறைக்கிறது என்று 1990-இல் நெதர்லாந்தின் மென்சிங்க், கடான் இருவரும் காட்டினார்கள். எந்தக் கொழுப்பானாலும் கிராமுக்கு 9 கலோரிதான்; கலோரியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த வேற்றுமை கண்ணில் படாது.

எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் இந்தியாவில் நடைமுறை. சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது; நம் பங்கும் கொஞ்சம் உண்டு. பிஸ்கட்டோ பஃப்ஸோ, பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட’ என்று இருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். முறுக்குச் சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள்; சூட்டில் அதன் மூலக்கூறுகள் சிதைந்து வேண்டாத பொருள்கள் சேரும். கறுத்து நுரை கட்டினால், தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

மற்றபடி, பண்டிகை நாளில் அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேதியியல் யோசிக்க வேண்டாம். நல்ல எண்ணெயில், அளவோடு சுட்டு, அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்துச் சாப்பிடுங்கள்.

தீபாவளி வாழ்த்துகள்!

அன்புடன்,
ஆசிரியர்