யாரைக் கும்பிடச் சொல்லுது உன் பாட்டு?

"பாட்டுதானேண்ணே, பாடிருங்க."

போன மாசம் மதுரைப் பக்கம் ஒரு மொட்டைமாடியில் பிறந்தநாள் கொண்டாட்டம். கல்லூரிப் பையன்கள், பொண்ணுகள் அறுபது எழுபது பேர். நான் ஒத்தை ஆள். ஒரு கீபோர்டு, ஒரு மைக், பென்டிரைவில் டிராக்குகள், வாடகை ஸ்பீக்கர் ரெண்டு. ட்ரூப் கூப்பிடக் காசில்லாத இடத்துக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எட்டரை மணிக்குக் கூட்டம் சூடேறிவிட்டது. அப்போது துண்டுச்சீட்டு வந்தது: 1992இல் வந்த 'தேவர் மகன்' படத்துப் பாட்டு. எந்தப் பாட்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தென்மாவட்டத்தில் எந்த ஊர்வலத்தில், எந்தத் தெருமுனையில், யார் காதில் விழ வேண்டும் என்று அது அலறவிடப்படுகிறது என்பது சேரிக்காரனுக்குத் தெரியும்.

முடியாது என்றேன். சீட்டு எழுதினவன் மேடைக்குப் பக்கத்தில் வந்தான். நம்ம தெருப் பையன்! கூடப் படிக்கிறவன்கள் கேட்கிறான்களாம். பாடாவிட்டால் இவன் முகம் வாடிப்போகுமாம். "பாட்டுதானேண்ணே" என்றது அவன்தான். ஆதிக்கசாதிக்காரன் எவனாவது கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். இவன் கேட்டபோது வயிறு எரிந்தது.

அந்த ராத்திரியிலிருந்து ரெண்டு பக்கமும் எனக்கு வசவு. அதற்குப் பதில்தான் இது.

முதல் கட்சி, "இசைக்கு ஏதுய்யா சாதி?" கட்சி. கூட்டம் கேட்கிறதைக் கொடு, காசை வாங்கு, கிளம்பு என்கிறவர்கள். இசைக்குச் சாதி இல்லையா? சாவுக்குப் பறையடிக்க ஆள் தேடும்போது மட்டும் எந்தத் தெருவுக்கு வந்தீங்க? அடிக்க மாட்டோம் என்று எங்க சனம் மறுத்த ஊர்களில் எதுக்கு அடிதடி நடந்தது? கூலியும் இல்லாமல், மரியாதையும் இல்லாமல், 'வழக்கம்' என்ற பேரில் எங்க தோளில் மாட்டப்பட்ட தோல்கருவி அது. அதைத் தொண்ணூறுகளில் தலித் இயக்கம் மேடையில் நிமிர்ந்து நின்று அடித்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் எடுத்து அடித்தார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ. அதே கருவி, அதே அடி. யாருக்காக, யார் சொல்லி அடிக்கிறோம் என்பது மாறியது. கருவிக்கே இவ்வளவு அரசியல் இருக்கும்போது, சொல்லும் சேர்ந்த பாட்டுக்கு இருக்காதா?

"படமே அரிவாளைக் கீழே போடச் சொல்ற படம்தானேப்பா?" என்றார் ஒரு பெரியவர். இருக்கட்டும். தெருமுனை ஸ்பீக்கரில் படத்தின் கடைசிக் காட்சி ஓடுவதில்லை, பாட்டு மட்டும்தான் ஓடுகிறது. அந்தப் படம் தனக்குள் உண்டாக்கிய வலியை 2023இல் 'மாமன்னன்' இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசன் எதிரில் இருக்கும்போதே, மாரி செல்வராஜ் பேசினார். முப்பது வருசம் ஆகியும் ஆறாத வலி அது. நீங்க 'எண்டர்டெயின்மெண்ட்' என்கிறீங்க!

இன்னொருத்தன் கெட்டிக்காரத்தனமாக மடக்கினான்: "மெட்டுப் போட்டவர் யாருண்ணே? பண்ணைப்புரத்துக்காரர்தானே?" ஆமாம். அவர் அண்ணன் பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். அந்த மேடைகளில் தம்பியும் கூட வாசித்தவர்தான். மெட்டு அபாரமான மெட்டு. ஒளிக்காமல் சொல்கிறேன், அதைக் கேட்டால் என் காலும் தாளம் போடுகிறது. அதுதானே சிக்கல்! மெட்டு மட்டமாக இருந்தால் யார் அதைச் சீட்டெழுதிக் கேட்கப் போகிறார்கள்? நம்ம காலை ஆடவைத்துக்கொண்டே நம்ம தலையைக் குனியவைக்கிறது அது. மெட்டு யாருடையது என்று நான் கேட்கவில்லை. மைக் முன்னால் அது யாரைக் கும்பிடச் சொல்கிறது என்று கேட்கிறேன்.

ரெண்டாவது கட்சி நம்ம தோழர்கள். "சினிமாப் பாட்டே சீரழிவு. குத்துப்பாட்டு போட்டு இளைஞர்களை மயக்குகிறாய். இயக்கப் பாட்டு பாடு" என்கிறார்கள். தோழர், கேக் வெட்டி முடித்த இருபது வயசுப் பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் கொள்கை விளக்கம் பாடிப் பாருங்க. பிரியாணிப் பந்திதான் நிரம்பும். கே.ஏ. குணசேகரன் மேடையேறியபோது கூட்டம் ஏன் நின்று கேட்டது? சனங்களின் மெட்டை, வயக்காட்டுக் குரலை அவர் கேவலமாக நினைக்கவில்லை. ஆட்டத்தைக் கண்டு முகம் சுளிப்பது சபாக்காரன் புத்தி. அது நம்ம தோழருக்கு எங்கிருந்து தொற்றியது?

ஆட்டம் நமக்குச் சின்ன விசயமா? 2012 நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகள் எரிந்தன. அதையொட்டி, நம்ம பையன்கள் ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் கூலிங்கிளாசும் போட்டுப் பொண்ணுகளை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். நல்ல துணி போடுவதே குற்றமாம். அப்படிப்பட்ட ஊரில் நம்ம பிள்ளை ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு, ஸ்பீக்கர் வைத்து, நாலு பேர் பார்க்க ஆடுகிறான் என்றால் அந்த ஆட்டத்தை நான் கெடுக்க மாட்டேன். அந்த ஆட்டத்துக்கு எவன் பெருமையைத் தாளமாகப் போடுவது என்பதில்தான் என் சண்டை.

இதில் நம்ம அழுக்கையும் பேச வேண்டும். கானா நம்முடையது. வடசென்னைச் சாவு வீட்டில் விடிய விடியக் கண்முழித்து, செத்தவன் பேரைச் சொல்லிப் பாடிய பாட்டு. 'ரவுடிப் பாட்டு' என்று அதை ஒதுக்கினவன் வாயை அடைக்க வேண்டியதுதான். ஆனால், காதலிக்க மாட்டேன் என்ற பொண்ணை வண்டை வண்டையாகத் திட்டுகிற கானா? அதையும் 'மண்ணின் குரல்' என்று தூக்கிச் சுமக்கணுமா? அந்தப் பாட்டுப் போட்டால் நடுவில் ஆடுகிற பொண்ணுகள் ஒவ்வொருத்தராகச் சுவரோரம் போய், போனைப் பார்க்க ஆரம்பிப்பதை நான் மேடையிலிருந்து பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் பாதியைச் சுவரில் ஒட்டவைப்பது என்ன விடுதலை? ஆம்பளைங்க கோட்டையாக இருந்த கானாவில் இசைவாணி பாடி நின்றார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். நம்ம பையன்கள் பட்டியலில் அவருக்கு இடம் உண்டா?

சரி, ஒத்தை ஆள் என்னதான் பாடுவது? நான் செய்வதைச் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் குத்து வேண்டாம். முதல் அரைமணி எல்லாருக்கும் தெரிந்த மெல்லிசை. சனம் வரட்டும், சாப்பிடட்டும். நம்ம தொண்டைக்கும் அது நல்லது, மாற்றிப் பாட ஆளில்லை. சுருதியை நம்ம குரலுக்கு இறக்கிக்கொள்வதில் வெட்கமில்லை. பிறகு ஆட்டத்துக்கு நாலு பாட்டு விடாமல், அப்புறம் ஒரு மூச்சு. ட்ரூப்பில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் டிரம்ஸ்காரர் நிரப்புவார். நமக்கு அந்த இடைவெளி வெறுமையாகக் கிடக்கும். சீட்டு வருவது அந்த இடைவெளியில்தான். அதனால் அதை நாமே பிடித்துக்கொள்ள வேண்டும், ரெண்டே வாக்கியத்தால்.

2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை எடுங்க. அந்தப் பாட்டு இல்லாமல் அப்போது எந்தப் பார்ட்டி நடந்தது? மலையக தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிவந்த பாட்டியின் கதையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு என்று ஆடினவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வருசமே ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அந்தப் பாட்டைக் கொண்டாடினார்கள். அட்டையில் எழுதின அறிவைக் காணோம். பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பாட்டு வேணும், எழுதினவன் வேணாம்! நான் டிராக்கை ஓட்டுவதற்கு முன்னால் பாட்டியைப் பற்றி ஒரு வாக்கியம், அட்டையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வேன். ஆட்டம் குறைவதில்லை. 2018இல் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராப்பையும் ராக்கையும் கலந்து இதைத்தானே செய்து காட்டியது? பஞ்சாபில் ஜாட் பெருமைப் பாட்டுகள் கல்யாண வீடெல்லாம் முழங்கியபோது, ஜலந்தரிலிருந்து கின்னி மாஹி தன் சாதிப்பேரையே தலைநிமிர்ந்து பாடினார். அதுவும் ஆடுகிற பாட்டுதான்.

அன்றைக்கு அந்த மாடியில் நான் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு 'என்ஜாய் எஞ்சாமி'யைப் போட்டேன். முக்கால்வாசிப் பேர் ஆடினார்கள். சிலர் படியிறங்கினார்கள். பேசின காசில் ஐநூறு குறைத்துக் கொடுத்தார்கள். நம்ம தெருப் பையன் ஆடவும் இல்லை, போகவும் இல்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டே இருந்தான். பத்து மணிக்கு ஸ்பீக்கரை அணைத்தபோது வந்து வயரைச் சுருட்டிக் கொடுத்தான். "அவங்க நாளைக்கு என்கிட்டப் பேசமாட்டாங்கண்ணே" என்றான்.

அவனுக்கு என்னிடம் பதிலில்லை. நாளைக்கு வகுப்பில் அவன் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது என் கீபோர்டால் தீருகிற விசயமில்லை. அதற்குக் கல்லூரிக்குள் நீங்கதான் இருக்கணும், மாணவத் தோழர்களே. நான் பாட்டை மறுத்துவிட்டு வண்டியேறி வந்துவிட்டேன். அவன் அங்கேயேதான் இருக்கிறான். அவன் எழுதிய அடுத்த சீட்டு என் கைக்கு வருவதற்கு முன்னால், நீங்க அவன் பக்கத்தில் போய் உட்காருங்க.