தண்டனையில் மட்டும் முதலிடமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மே மாதம் 12ஆம் நாள் வந்துவிட்டால் போதும். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் படத்துக்கு மாலை சூட்டி, மெழுகுவத்தி ஏற்றி, செவிலியரை அன்னை என்றும் தெய்வம் என்றும் மேடையில் போற்றிவிட்டுக் கலைந்து போகிறோம். மறுநாள் ஓர் ஊசி தவறாகிப் போனால் அந்தத் தெய்வத்தைத்தான் முதலில் விசாரணைக்கு அழைக்கிறோம். செவிலியரைத் தெய்வமாக்க வேண்டாம். தொழில் அறிந்தவர் என்று சட்டம் ஒப்புக்கொண்டால் போதும் என்பதே என் வாதம்.

2024 ஜூலை முதல் நாளிலிருந்து இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. பழைய சட்டத்தின் 304-ஏ பிரிவின்படி, கவனக்குறைவால் ஓர் உயிர் போகக் காரணமானவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை. டாக்டர், நர்ஸ், லாரி ஓட்டுநர் எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான். புதிய சட்டத்தின் 106(1) பிரிவு அதை 5 ஆண்டாக உயர்த்தியது. ஆனால் மருத்துவச் சிகிச்சையின்போது நேர்ந்த தவறானால், பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் 2 ஆண்டுக்கு மேல் இல்லை. யார் அந்தப் பதிவு பெற்ற மருத்துவர்? 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஏற்கும் படிப்பை முடித்து, மருத்துவர் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்லிவிடுகிறது. நர்ஸ் பதிவு செய்துகொள்வது வேறு பதிவேடு. ஆக, ஒரே கட்டில், ஒரே நோயாளி, ஒரே இரவு. டாக்டர் தவறினால் 2 ஆண்டு, நர்ஸ் தவறினால் 5 ஆண்டு வரை! இதைப் படித்தபோது அச்சுப் பிழையோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

மருந்தைத் தீர்மானிப்பவர் டாக்டர். வார்டுக்கு எத்தனை பேர் என்று தீர்மானிப்பது நிர்வாகம். இவ்விரண்டிலும் நர்ஸுக்குச் சொல்லதிகாரம் மிகக் குறைவு. அதிகாரம் குறைந்தவருக்குத் தண்டனை கூடுதல் என்பது எந்த ஊர் நியாயம்?

செவிலியர் தவறே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கை எடுத்துக்கொள்வோம். 1993 டிசம்பரில் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு சிறுவனுக்கு நர்ஸ் ஒருவர் ஊசி போட்டார். போட்டவுடன் பிள்ளை துவண்டு விழுந்தான். இருதயம் நின்று, மூளை பாதிக்கப்பட்டு, பின்னர் எழுந்து நடமாடவே இல்லை. 1998இல் உச்ச நீதிமன்றம் சிறுவனுக்கு 12.5 இலட்சமும் பெற்றோருக்கு 5 இலட்சமும் இழப்பீடு தரவேண்டும் என்பதை உறுதி செய்தது. அந்த நர்ஸ் எந்த மாநில நர்ஸிங் கவுன்சிலிலும் பதிவு பெற்றவர் அல்லர் என்பது விசாரணையில் வெளிவந்தது. தாம் போடவேண்டிய ஊசியை அவர் கையில் விட்டுவிட்ட டாக்டரும் குற்றத்துக்குத் தப்பவில்லை. வேலைக்கு வைத்துக்கொண்ட மருத்துவமனையும் தப்பவில்லை. பள்ளிப் படிப்போடு நின்ற பெண்ணுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி "சிஸ்டர்" ஆக்கிவிடும் வழக்கம் நம் பக்கத்துச் சிற்றூர்களுக்குப் புதியதா என்ன? வெள்ளைக் கோட்டைப் பார்த்துத்தானே நம் அம்மாக்கள் கையை நீட்டுகிறார்கள்.

இழப்பீட்டு வழக்கில் வேலைக்காரர் செய்த தவறுக்கு எசமானரும் பொறுப்பு. அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963இல் அறுவை செய்யப்பட்ட ஒரு தாயின் வயிற்றுக்குள் துணி தங்கிவிட்டது, அவர் இறந்துபோனார். தவறு இன்னார் கையில் நேர்ந்தது என்று பிரித்துக் காட்ட முடியாவிட்டாலும் அரசு ஈடு செய்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஆண்டு 1996. (33 ஆண்டுகள்! தொகை 36,000 ரூபாய்.) குற்ற வழக்கிலோ பொதுவாக அந்த விதி செல்லாது. அங்கே அவரவர் செய்கைக்கு அவரவர்தாம் கூண்டில் நிற்கவேண்டும். எனவே பணம் கட்ட நிர்வாகம் இருக்கிறது; சிறைக்குப் போக நர்ஸ் தனியாக இருக்கிறார்.

அந்தத் தனிமையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் பெரியப்பா மகள் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்றாலும், முதலில் மாதச் சம்பளம் கொண்டுவந்தவர் அந்த அக்காதான். இரவுப் பணியைப் பற்றிக் கேட்டேன். "நாப்பது பேருக்கு நா ஒருத்திதான் கண்ணு. இந்தக் கோடில டிரிப்பு மாத்தறதுக்குள்ள அந்தக் கோடில கூப்புடுவாங்க. டாக்டரு போன்லயே மருந்தச் சொல்லுவாரு. அத எழுதி அவருகிட்ட கையெழுத்து வாங்கறதுக்குள்ள விடிஞ்சு போயிரும்" என்றார். போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒருவர், மற்றவற்றில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவு. நாற்பது எங்கே, ஐந்து எங்கே! நீதிமன்றத்தில் பேசப்போவது கேஸ் ஷீட்டுதான். தொலைபேசியில் சொன்ன வாய் நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால், கையெழுத்தில்லாத வரிக்கு என்ன மதிப்பு?

டாக்டர்களுக்கு வேறொரு காப்பும் உண்டு. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பெருந்தவறாக இருந்தால்தான் குற்ற வழக்கு, டாக்டர் மீது நடவடிக்கை எடுக்குமுன் விசாரணை அதிகாரி அத்துறை அறிந்த வேறொரு மருத்துவரின், கூடுமானால் அரசு மருத்துவரின், கருத்தைப் பெறவேண்டும், எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது. நல்ல நெறிதான். ஆனால் அந்த வாசகங்கள் டாக்டரைக் குறித்தே பேசுகின்றன. நர்ஸ் செய்தது தவறா இல்லையா என்று ஒரு மூத்த நர்ஸிடம் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"உயிர் போன வீட்டுக்கு என்ன பதில்?" என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். திருச்சி சாலைப் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கும் குடும்பத்திலிருந்து வந்தவன் நான். எங்களுக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் உரியது. தவறான மருந்து என்று தெரிந்தும் கேள்வி கேட்காமல் போடும் நர்ஸ் தண்டிக்கப்படட்டும். டாக்டர் சொன்னார் என்பது சாக்காகாது. ஆனால் நாற்பது பேருக்கு ஒருவரை நிறுத்தியவரையும் அந்தக் கூண்டுக்குப் பக்கத்திலாவது நிறுத்துங்கள்.

1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நம் மாநிலத்தில் செவிலியருக்குப் பதிவேடு இருக்கிறது. 2023இல் இயற்றப்பட்ட தேசிய செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டமும் நாடு முழுமைக்கும் ஒரு பதிவேடு வேண்டும் என்கிறது. 106(1) பிரிவின் விளக்கத்தில் மருத்துவர் பதிவேட்டோடு இந்தப் பதிவேட்டின் பெயரையும் சேர்க்க ஒரு வரித் திருத்தம் போதும். அதுவரை, தொலைபேசியில் மருந்து சொல்லும் டாக்டர் மறுநாள் காலை வார்டை விட்டுப் போகுமுன் கையெழுத்திட்டாக வேண்டும் என்று ஒவ்வொரு மருத்துவமனையும் விதி செய்யலாம். அதற்கு நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை. ஒரு பேனா போதும்.