அவலாஞ்சியும் பனிச்சரிவும்

சென்ற இதழ்க் கட்டுரையில் நண்பர் ஒருவர், தமிழில் இப்போது 'கவிதைத் தொகுப்புகளின் பனிச்சரிவு' நிகழ்ந்துகொண்டிருப்பதாக எழுதியிருந்தார். தொகுப்புகள் நிறைய வருகின்றன என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அதற்கு எதற்கு இமயமலையைத் தொந்தரவு செய்ய வேண்டும்?

ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் வட்டார வழக்கிலிருந்து பிரெஞ்சுக்கும் பிறகு ஆங்கிலத்துக்கும் போன சொல் அவலாஞ்ச். இன்று ஆங்கிலப் பத்திரிகைகளில் கடிதங்களுக்கு அவலாஞ்ச், புகார்களுக்கு அவலாஞ்ச். அங்கேயே தலையும் பூவும் தெரியாமல் தேய்ந்துபோன காசு. அதைத் தமிழில் புதுக்காசாக மாற்றப் பார்க்கிறார் நண்பர். பகலெல்லாம் வங்கிக் கவுண்டரில் உட்கார்கிறவன் என்பதால் இது எனக்குச் சீக்கிரம் கண்ணில் படுகிறது. மார்ச் கடைசியில் எங்கள் மேஜைகளில் வவுச்சர்கள் மலையாகக் குவியும். அதை எந்த கிளார்க்கும் பனிச்சரிவு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நம் காதுக்குப் பனி என்பது வேறு. முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களுக்கு அதன் பெயர். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடந்துபோகிற மார்கழிப் பனி அது. இறங்கும், பெய்யும், சரியாது. பனிச்சரிவு என்று சொல் செய்துகொண்ட செய்தித்தாள்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குச் செய்தி இருந்தது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில், 19,000 அடிக்கும் மேலே, மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். ஆறு நாள் கழித்து ஒருவரை உயிரோடு தோண்டியெடுத்தார்கள். மூன்றாம் நாள் அவரும் போய்விட்டார். பனியே பார்த்திராத ஊர்களுக்கு அந்தச் சொல் அப்படித்தான் வந்து சேர்ந்தது. அதை எடுத்துப் புத்தக வெளியீடுகளின் எண்ணிக்கையைச் சொல்லச் செலவழிப்பது எனக்குக் கூசுகிறது.

சரி, உவமைக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது என்றே வைத்துக்கொள்வோம். உவமானத்தைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டாமா? ஒவ்வொரு பொழிவும் மலைச்சரிவில் ஒரு படலமாகப் படிகிறது. அவற்றுள் ஏதோ ஒரு படலம் சர்க்கரைப் பரல்போல ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கிறது. அதன்மேல் நாள் கணக்கில், வாரக் கணக்கில் எடை ஏறுகிறது. மேலே பார்த்தால் வெறும் வெண்மை. பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில்தான் இப்படி உடைகிறது. இன்னும் செங்குத்தான இடத்தில் பனி தங்காது, அவ்வப்போது உதிர்ந்துவிடும். ஆட்கள் மாட்டிக்கொள்கிற விபத்துகளில் அநேகமாக அந்தக் கடைசி எடையைச் சேர்ப்பவன் மாட்டிக்கொள்கிறவனே, அல்லது அவன் கூட வந்தவன். ஓடி நின்றபின் பனி சிமெண்டாக இறுகுகிறது. புதைந்தவனால் விரலைக்கூட அசைக்க முடியாது.

ஆக, அதன் சாரம் விழுவதில் இல்லை. விழுமுன் சேர்வதில் இருக்கிறது. ஆல்ப்ஸை நேரில் பார்த்த ஷெல்லிக்கு இது தெரிந்திருந்தது. 1820இல் வெளியான 'பிரமீதியஸ் அன்பவுண்ட்' நாடகத்தில், துகள் துகளாய்ச் சேர்ந்து வெயில் பட்டுப் பெயரும் பனிக்கு, மனங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒருநாள் பேருண்மையாகக் கழன்று விழும் சிந்தனையை இணை வைக்கிறான். பி.ஏ.யில் இதை வேர்த்துக்கொண்டே படித்தேன், அன்று விளங்கவில்லை. இயற்பியல்காரர்கள்கூட இந்தச் சொல்லை நம்மைவிடப் பொறுப்பாகக் கையாள்கிறார்கள். ஓர் எலெக்ட்ரான் மோதி இன்னொன்றைப் பெயர்க்க, இரண்டும் மோதி மேலும் இரண்டைப் பெயர்க்கிற பெருக்கத்துக்குத்தான் அவர்களிடம் அந்தப் பெயர். நண்பர் குறிப்பிடும் தொகுப்புகளில் எது எதைப் பெயர்த்தது? எந்த எடை எங்கே சேர்ந்தது? அவர் கட்டுரையில் இதற்குப் பதில் இல்லை. பதில் தேட வேண்டிய அவசியத்திலிருந்து தப்பிக்கத்தான் அந்தப் படிமம். வெறும் எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் தமிழில் சரமாரி இருக்கிறது, அம்பு மழை. அதுவும் செத்துப்போன உருவகம்தான். ஆனால் நம் வீட்டுச் சாவு.

நீலகிரியில், ஊட்டிக்குத் தென்மேற்கே, அவலாஞ்ச் என்றே ஓர் இடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு சரிவை வைத்து வெள்ளைக்காரன் சூட்டிய பெயர். சரிந்தது பனியல்ல, மண். தமிழ் நாக்கு அதை அவலாஞ்சி ஆக்கிக்கொண்டது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் அங்கே 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது அந்தப் பெயர் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. எந்த மொழிபெயர்ப்பாளனும் கைவைக்காமல், ஈரமும் சேறுமாக இங்கே குடியேறிவிட்ட சொல். அகராதியைப் பார்த்துச் செய்த பனிச்சரிவு இன்னும் சாமான்களோடு வாசலில்தான் நிற்கிறது.

நண்பர் என்மேல் கோபப்படுவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிஞரைப் பற்றி எழுதியபோது 'சொற்களின் பனிச்சரிவு' என்று நானும் எழுதினேன். அந்தக் கவிஞர் அதை மேற்கோளாகத் தம் அடுத்த தொகுப்பின் பின்னட்டையில் போட்டுக்கொண்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, கீழே என் பெயரோடு.