ஒல்லி போனும் அதோட திமிலும்

'உலகத்துலயே ஒல்லியான போன்'னு யாராவது சிலாகிச்சா எனக்கு இப்பல்லாம் காதுல புகை வருது மக்களே. 2025ல சாம்சங் எஸ்25 எட்ஜ் வந்துச்சு, 5.8 மி.மீ. அதே வருஷம் ஐபோன் ஏர், 5.6 மி.மீ. ஆளாளுக்கு கை தட்டினாங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இந்த 5.6ஐ எந்த இடத்துல அளந்தீங்க சாமி?

கேமரா இல்லாத இடத்துல! தொந்தியை விட்டுட்டு கழுத்துல டேப் வெச்சு, 'என் இடுப்பு பதினஞ்சு இஞ்ச்'னு சொல்ற கதைதான் இது.

இந்தக் கூத்து புதுசு இல்ல. ஐபோன் 5எஸ் 7.6 மி.மீ., முதுகு சமமா இருக்கும். 2014ல ஐபோன் 6 வந்தப்ப அது 6.9 மி.மீ. ஆச்சு, கேமரா வெளிய துருத்திக்கிச்சு. விளம்பரத்துக்கு 0.7 மி.மீ. மிச்சம் பிடிச்சதுல முளைச்ச திமில், வருஷா வருஷம் வளர்ந்து இன்னிக்கு போனை மேசையில வெச்சா கால் ஒடைஞ்ச நாற்காலி மாதிரி ஆடுது.

சரி, கேமரா ஏன் அடங்க மாட்டேங்குது? உள்ள லென்ஸ் நகரணும் பாஸ், அதான். ஸ்பீக்கர்ல இருக்கற அதே சமாச்சாரம்: ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், மெல்லிசா ஸ்பிரிங். வாய்ஸ் காயில் மோட்டார்னு பேரு. மின்சாரம் போனா லென்ஸ் முன்னாடி நகரும், ஃபோகஸ் ஆகும். எவ்வளவு நகரணும்? பள்ளிக்கூடத்துல படிச்ச லென்ஸ் சமன்பாட்டைப் போட்டுப் பாருங்க. குவியத் தொலைவு 4 மி.மீ. இருந்தா, தூரத்து மலையில இருந்து 10 செ.மீ. பக்கத்துல இருக்கற மாத்திரை அட்டைக்கு வர சுமார் 0.17 மி.மீ. நகர்ந்தா போதும். குவியத் தொலைவு 8 மி.மீ.ன்னா? 0.34 இல்லீங்க, கிட்டத்தட்ட 0.7! ரெண்டு மடங்குக்கு நாலு மடங்கு.

வில்லங்கமே இங்கதான். ராத்திரியில படம் நல்லா வரணும்னு சென்சாரைப் பெருசாக்கறாங்க. அதே காட்சி முழுசா விழணும்னா குவியத் தொலைவும் கூடணும். அப்ப லென்ஸ் ஓடியாட இன்னும் அதிக இடம் வேணும். ஆனா கொடுக்கறது? கஞ்சத்தனமா ஒரு துளி. விளைவு, காசைக் கொட்டி வாங்கின போன்ல மெயின் கேமராவால டாக்டர் சீட்டைப் பக்கத்துல வெச்சு எடுக்க முடியல. 2021ல ஐபோன் 13 ப்ரோவுல மேக்ரோன்னு கொண்டு வந்தாங்களே, அதை எடுக்கறது மெயின் கேமரா இல்ல, பக்கத்துல இருக்கற குட்டி அல்ட்ரா வைட்.

'அதான் பெரிஸ்கோப் இருக்கே'ம்பீங்க. வெளிச்சத்தை ஒரு பிரிசத்துல 90 டிகிரி மடக்கி, லென்ஸை போனுக்குள்ள படுக்க வைக்கற வித்தை. 2002லயே மினோல்டா டிமேஜ் எக்ஸ்ல 20 மி.மீ. பெட்டிக்குள்ள 3 மடங்கு ஜூமை இப்படி அடைச்சாங்க. அருமையான வித்தைதான், ஒத்துக்கறேன். ஆனா படுக்க வெச்ச லென்ஸோட உயரம் போனோட தடிமனைத் தாண்ட முடியாது. அதனால வெளிச்சம் கம்மி. 2019ல வந்த ஹுவாவே பி30 ப்ரோவுல மெயின் லென்ஸ் எஃப்/1.6, பெரிஸ்கோப் எஃப்/3.4. கணக்குப் போட்டா நாலுல ஒரு பங்கு வெளிச்சம்தான். ஆக, மடக்கினாலும் தடிமன்கிட்ட இருந்து தப்ப முடியாது.

அடுத்து நம்ம ஜாதி ஆளுங்க, அதான் பொட்டி தட்டறவங்க, கிளம்பி வருவாங்க: 'கவலைப்படாதீங்க, மிச்சத்தை சாஃப்ட்வேர் பாத்துக்கும்'. 2023 மார்ச்ல என்ன நடந்துச்சு? வேணும்னே மங்கலாக்கின நிலாப் படத்தை ஒருத்தர் சாம்சங் போன்ல எடுத்துக் காட்டினார். படத்துல இல்லாத பள்ளமெல்லாம் போன் போட்டுக் கொடுத்துச்சு! காட்சியில நிலா இருக்குன்னு தெரிஞ்சா ஏஐ விவரங்களை மெருகேத்தும்னு கம்பெனியே விளக்கம் சொல்லிச்சு. நானும் சாஃப்ட்வேர்ல சோறு திங்கறவன்தான். அதனாலதான் சொல்றேன், லென்ஸுக்குள்ள வராத வெளிச்சத்தை நிரல் எழுதி வரவைக்க முடியாது. வேணா வரைஞ்சு தரலாம்.

இன்னொண்ணு, இதான் எனக்கு வயிறு எரியற விஷயம். கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸை ஸ்பிரிங்ல தொங்க விட்டிருக்காங்க. சக்திவாய்ந்த பைக் எஞ்சினோட அதிர்வு தொடர்ந்து பட்டா இந்தக் கேமரா கெட்டுப் போகலாம்னு ஆப்பிளே 2021ல எச்சரிச்சது. ஸ்கூட்டர், மொபெட்டுக்கும் அதிர்வு தாங்கற மவுண்ட் போடச் சொன்னது. நம்ம ஊர்ல ஹேண்டில்பார்ல போனை மாட்டி நாள் பூரா சோறு டெலிவரி பண்ற தம்பிகிட்ட யாராவது இதைச் சொன்னாங்களா? அவனுக்கு அதுதான் வேலை, அதுதான் குடும்ப கேமராவும். 'ஒல்லி'ன்னு கொட்டை எழுத்துல போடறவங்க, இதை ஏதோ ஒரு உதவிப் பக்கத்துல பொடி எழுத்துல போடறாங்க.

'தடியா இருந்தா யார் வாங்குவா'ங்கறது அடுத்த கேள்வி. நோக்கியா என்95 21 மி.மீ. இருந்துச்சு. 2007ல அதைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு காலரைத் தூக்கிவிட்டு நடந்த கூட்டம் நாமதானே? கனம் கூடும்ங்கறது நியாயமான பேச்சு, இல்லேங்கல. ஆனா ஒல்லி போனை வாங்கின மறுநாளே நாம என்ன பண்றோம்? தெருமுனைக் கடையில கவர் வாங்கி மாட்டி, திமிலைச் சுத்தி இருக்கற பள்ளத்தை பிளாஸ்டிக்கால நிரப்பறோம். அந்தப் பள்ளத்துல பேட்டரி இருந்திருக்கலாமே!

முதுகு சமமா ஒரு 10 மி.மீ. போன் கொடுங்கய்யா. லென்ஸுக்கு ஓட இடம், பேட்டரிக்கும் இடம், மேசையில ஆடாது.

நம்மள்ல போன் விமர்சனம் எழுதற பதிவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கம்பெனி கொடுத்த நம்பரை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க. ஒரு வெர்னியர் வாங்குங்க, திமிலோட சேத்து அளங்க, அந்த நம்பரை முதல் வரியில போடுங்க. நாலு பேர் செஞ்சா போதும், அஞ்சாவது ஆளுக்குக் கூச்சம் வந்துடும் :-)